பத்துக் கல்லுக்குப் பதினொன்று

ஒரே லாரியில் அப்பனும் மகனும் ஏறி, இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் போவதென்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். இன்றைக்கு அந்த ஆள் ஜெயபாரதி. பனியன் கம்பெனி செக்கிங் செக்‌ஷனில் லீவு சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்கே மாமனாருக்கும் கணவனுக்கும் இடையில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மணி, கண்ணாடியைத் தொடைச்சானான்னு கேளு" என்றார் ஜன்னலோரம் இருந்த மாமனார் தண்டாயுதபாணி.

"ஏனுங்க, கண்ணாடி தொடைச்சீங்களாமா?"

"தொடைச்சாச்சுன்னு சொல்லு" என்றான் ஸ்டியரிங்கில் இருந்த வேல்குமார்.

"தொடைச்சாச்சுங்களாமா, மாமா."

ஒரு கை நீட்டினால் தொடும் தூரம். ஐந்து நாளாக இந்த வீட்டில் தபால்காரி வேலை பார்த்துப் பார்த்து ஜெயபாரதிக்கு அலுத்துப் போயிருந்தது.

பேச்சு நின்ற காரணத்தைப் போன வாரமே பார்த்தோம். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டி முதலில் ஜல்லி ஓட்டிய வண்டி. பத்து டன் கல்லை மேடேற்றுவதற்கென்றே அமைந்த ஐந்து கியர் பெட்டி அதில் இருந்தது. இப்போது ஏற்றுவதெல்லாம் பனியன் அட்டைப்பெட்டி. வானத்தைத் தொடும்படி அடுக்கினாலும் ஆறு டன்னைத் தாண்டாது. கப்பலேற்றும் தூத்துக்குடி வரைக்கும் பெரும்பாலும் சமதரைதான். அங்கேயும் எஞ்சின் கல் சுமக்கிற பாவனையில் கத்திக்கொண்டே ஓடி, லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்கூடத் தராமல் டீசலைக் குடித்தது.

டீசல் விலை ஏறியதும், தனக்காக ஓடும் வண்டிகளுக்குத் தானே டீசல் ஊற்றும் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒரு விதி போட்டது. லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் தராத வண்டிக்குத் தூத்துக்குடி லைன் கிடையாது. அந்த லைன்தான் இந்தக் குடும்பத்துக்குச் சோறு.

வேல்குமார் ஒரு வழி கண்டுபிடித்தான். விபத்தில் முன்பக்கம் நசுங்கிய ஒரு நெடுந்தூர லாரியில் ஆறு கியர் பெட்டி நல்லபடியாக இருந்தது. ஆறாவது கியரில் போட்டால், அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும். தண்டாயுதபாணி எதையும் முருகனிடம் பூ கேட்காமல் செய்கிறவர் இல்லை. இரண்டு பொட்டலம் கட்டி வைத்தார். வெள்ளைப் பூ வந்தால் மாற்றலாம், செவ்வரளி வந்தால் கூடாது. ஒன்றை எடுத்துப் பிரித்தால் செவ்வரளி.

பேச்சு முடிந்தது என்று அப்பா நினைத்தார். அவர் உறவுக்காரர் கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்புவதற்குள் மகன் பெட்டியை மாற்றிவிட்டான். அன்றிலிருந்து மௌனம்.

இன்று கம்பெனி சோதனை ஓட்டம். டேங்க்கை வாய் வரை நிரப்பி, அட்டைப்பெட்டி லோடோடு மூலனூர் போய்த் திரும்பி, மறுபடி வாய் வரை நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை. சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டிகளின் பட்டியல் முதலாளி மேஜைக்குப் போகிறது.

"நாலரை வரலீன்னா நாளைக்கே பழைய பெட்டிய ஏத்தி வண்டிய வித்துப்போடறேன்னு சொல்லு" என்றார் தண்டாயுதபாணி.

இதை ஜெயபாரதி கடத்தவில்லை. கடத்தாமலே கேட்க வேண்டியவனுக்குக் கேட்டது.

*

அவிநாசிபாளையம் தாண்டியதும் சாலை நீண்டு கிடந்தது. வேல்குமார் கிளட்ச்சை மிதித்து ஆறாவதுக்குத் தள்ளினான். அதுவரை அலறிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று குரலைத் தாழ்த்தியது. சத்தம் போடாமலே பேசலாம் போலிருந்தது, பேசுவதற்கு இருவரும் தயாராக இருந்திருந்தால்.

தண்டாயுதபாணி தலையைச் சாய்த்துக் கேட்டார். முன்பலகையைப் பிடித்திருந்த அவருடைய கை தளர்ந்ததை மருமகள் பார்த்தாள்.

பார்க்க வேறு வேலை இல்லாததால் அவள் சாலையோரக் கிலோமீட்டர் கற்களைப் பார்க்க ஆரம்பித்தாள். அப்புறம் மீட்டரைப் பார்த்தாள். அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். அங்கேதான் வினை.

பத்துக் கல் போயிருந்தது. மீட்டர் பதினொரு கிலோமீட்டர் ஓடியிருந்தது.

ஒரு கல்லை விட்டிருப்பேன் என்று நினைத்தாள். மறுபடி எண்ணினாள், இந்த முறை விரல் மடக்கி. பத்துக் கல். மீட்டரில் பதினொன்று.

வேறு யாராவது இருந்தால் இத்தோடு விட்டிருப்பார்கள். ஜெயபாரதி செக்கிங்கில் பதினொரு வருஷம் இருந்தவள். ஒரு தடவை அவர்கள் கம்பெனியில் அளவு டேப்பே இழுபட்டுப் போய், அரை இஞ்ச் கூடிய எண்ணூறு பனியன்களை எல்லாரும் சரி, சரி என்று சொல்லி பாஸ் பண்ணி அனுப்பினார்கள். எண்ணூறும் திரும்பி வந்தது. அதற்கப்புறம் திங்கட்கிழமை தோறும் இரும்பு ஸ்கேலை வைத்து டேப்பை அளந்த பிறகுதான் டேப்பை வைத்துத் துணியை அளப்பார்கள். அளக்கிறதை முதலில் அள. அந்தப் பாடம் அவளுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது.

தாராபுரத்துக்கு முன்னால் பாலம் வேலை நடந்ததால் ஊர் ஊராகச் சுற்றி விட்டார்கள். அந்தச் சுற்றுவழியில் கல்லே இல்லை. அதனால் மொத்த தூரம் எவ்வளவென்று வண்டியில் யாருக்கும் நிச்சயமில்லை. மூலனூர் சாலையில் ஏறியதும் அவள் மூன்றாம் முறை எண்ணினாள். அதே பத்து. அதே பதினொன்று.

*

மூலனூரில் முருங்கைக்காய் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்த மார்க்கெட் ஓரம் வண்டி நின்றது. பேக்கரியில் தண்டாயுதபாணி மூன்று டீ சொன்னார். ஒரு கிளாஸை எடுத்து நேராக மகன் முன்னால் நீட்டினார்.

"டேய், டீ குடி. எஞ்சின் மூச்சு வாங்காம வருது. சாமி வேண்டாம்னாலும் வண்டி வேணும்னிருக்குது பாரு."

வேல்குமார் அந்தக் கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினான். முப்பத்தாறு வயசு ஆண்பிள்ளை, ஸ்கூலில் பரிசு வாங்குகிறவன் மாதிரி நின்றான். ஜெயபாரதிக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் அந்தப் பதினொன்று மனதை விட்டுப் போகவில்லை.

பெரியவர் முகம் கழுவப் போனதும் அவனை ஓரமாக இழுத்தாள்.

"ஏனுங்க, நம்ம மீட்டர் அதிகமாக் காட்டுதுங்க. பத்துக் கல்லுக்குப் பதினொண்ணு ஓடுது. மூணு தடவ எண்ணிப் போட்டேன்."

அவன் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"உங்களுக்குத் தெரியுமாங்க?"

"பெட்டியோட வந்த, மீட்டரைச் சுத்தற பல்லுச் சக்கரம் அந்த வண்டிக்குப் போட்டது. நம்ம வண்டி பின் அச்சுக்கு அது ஒத்து வராதுன்னு மெக்கானிக் சொன்னாரு. சரியான பல்லு கிடைக்க ரண்டு நாள் ஆகும்னாரு. அப்பா அடுத்த நாள் வர்றாரு. அப்பறம் பாத்துக்கலாம்னு மூடச் சொல்லிட்டேன். இத்தன வித்தியாசம் வரும்னு நினைக்கல பாரதி."

திருட்டுத்தனமாக அவசரப்பட்டால் இப்படித்தான். பெரிய பெட்டியை மாற்றினவன் சின்னப் பல்லை விட்டுவிட்டான்.

"மாமாகிட்டச் சொல்லிருலாங்க."

"வேண்டாம்."

"ஏனுங்க!"

"அஞ்சு நாளைக்கப்பறம் இப்பத்தான் எங்கூடப் பேசுனாரு. உனக்குக் கையெடுத்துக் கும்புடறேன், வாயத் தொறக்காதே. கம்பெனியில மீட்டரைத்தானே பாக்கறாங்க. எல்லாம் சரியாப் போயிரும்."

அவள் பதில் சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவனுக்கு இந்த இடத்தில் தப்பு நடக்கிறது.

*

திரும்பி வரும்போது ஆனி மாதக் காற்று எதிரே நின்று முகத்தில் அறைந்தது. மூலனூரிலிருந்து தாராபுரம் வரை இரண்டு பக்கமும் காற்றாலைகள் பேய் பிடித்த மாதிரிச் சுற்றின. வேல்குமார் ஆறாவது கியரை விடாமல் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே வந்தான். பன்னிரண்டரை மணிக்குக் கம்பெனி பம்ப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.

டிரான்ஸ்போர்ட் மேனேஜர் சென்னியப்பன் கையில் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தார். அதிகம் பேசாத மனுஷர். வண்டியை ஆட்டி ஆட்டி டேங்க்கை வாய் வரை நிரப்பினார்கள். முப்பத்திரண்டு லிட்டர். மீட்டரைப் பார்த்தார். நூற்று ஐம்பத்திநாலு.

செல்போனில் கணக்குப் போட்டுவிட்டுத் தலையாட்டினார். "நாலு புள்ளி எட்டுங்கண்ணா. பாஸு."

"கண்ணு!" என்றார் தண்டாயுதபாணி. சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகன் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "உன்ற அப்பன் ஒரு கிறுக்கன்டா. பூ சொல்லுச்சுன்னு உங்கிட்ட அஞ்சு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருந்தேன்."

வேல்குமார் சிரித்தான். கண் மட்டும் ஜெயபாரதி மேல் இருந்தது. சென்னியப்பன் பேனா மூடியைக் கழற்றினார்.

இந்தச் சிரிப்பைக் கெடுக்கிறவளாகத் தானே இருக்க வேண்டுமா என்று இருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் இன்று ராத்திரி வீட்டில் நல்ல சாப்பாடு, நல்ல பேச்சு. எண்ணூறு பனியனும் அன்றைக்கு இதே மாதிரிதான் சிரித்துக்கொண்டே போயின.

"எழுதாதீங்கண்ணா" என்றாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"மீட்டர் தப்புங்க. பத்துக்குப் பதினொண்ணு காட்டுது. நாங்க ஓடுனது நூத்தி நாப்பதுதானுங்க. நூத்தி ஐம்பத்திநாலு இல்லீங்க."

சென்னியப்பன் மறுபடி செல்போனைத் தட்டினார். "நாலு புள்ளி மூணே முக்கால்." நிமிர்ந்தார். "அம்மணி, மீட்டர்ல வந்தத எழுதறதுதான் என்ற வேலை. நானே எழுதறேங்கறப்ப உங்களுக்கு என்னங்க கஷ்டம்?"

"நாளைக்குத் தூத்துக்குடிக்கு நீங்க நாலு புள்ளி எட்டுன்னு கணக்குப் பண்ணித்தானுங்கண்ணா டீசல் ஊத்துவீங்க? திரும்பி வரையில டேங்க் காஞ்சு வண்டி நடுரோட்ல நிக்கும். அன்னைக்கு எங்க மாமாவைத்தான் டீசல் திருடுனாருன்னு சொல்லுவாங்க."

தண்டாயுதபாணியின் கை மகன் தோளிலிருந்து இறங்கியது.

"எத்தன கல்லு எண்ணுனே அம்மணி?"

"முப்பதுங்க மாமா. பத்துப் பத்தா மூணு தடவ."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

வேல்குமார் பொய் சொல்லியிருக்கலாம். மனைவியைப் பார்த்தான். அவள் அவனைக் காப்பாற்றவும் இல்லை, காட்டிக் கொடுக்கவும் இல்லை.

"தெரியுமுங்கப்பா. மூலனூர்லயே சொன்னா. நாந்தான் பேசாதேன்னேன்."

"பூவுக்கு எதுத்துப் பண்ணுனே. சரி, அது உனக்கும் சாமிக்கும்னு உட்டுட்டேன்" என்றார் தண்டாயுதபாணி. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இப்ப உன்ற பொண்டாட்டி வாயக் கட்டிப்போட்டு, என்ற மூஞ்சியப் பாத்து சிரிச்சியேடா."

வேல்குமார் தலை குனிந்தான். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை. "நீங்க பேசுனீங்களேன்னு தாங்கப்பா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நின்றான். பிறகு நிமிர்ந்து சென்னியப்பனிடம் போனான்.

"அண்ணா, ஆறு மணி வரைக்கும் டயம் இருக்குதுங்களே. டேங்க் இப்ப நெறஞ்சுதான் இருக்குது. இன்னொரு தடவ ஓட்டிட்டு வர்றேன். நூத்தி நாப்பதுன்னே கணக்குப் போடுங்க. மீட்டரைப் பாக்க வேண்டாம்."

"மத்தியானக் காத்து காலையக் காட்டியும் மோசமா இருக்குமே தம்பி."

"இருக்கட்டுங்க. நாலரை வர முப்பத்தொண்ணுக்குள்ள முடிக்கோணும். ஒரு லிட்டர்தானுங்க குறைக்கோணும்."

"ஆறு மணிக்கு லிஸ்ட் போயிரும். ஒரு நிமிஷம் நிறுத்த மாட்டேன்."

"நிறுத்த வேண்டாமுங்க."

வேல்குமார் டிரைவர் கதவைத் திறந்து படியில் கால் வைத்தான். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள்.

"எறங்கு" என்றார் தண்டாயுதபாணி. "நான் ஓட்டறேன்."

"அப்பா..."

"எதுக்காத்துல, கூரை ஒசரத்துக்கு லோட வெச்சுட்டு, ஆறாவதுலயே நசுக்கிட்டு வந்தே. எஞ்சின் மொனகுச்சு. எனக்குக் கேட்டுது."

"கேட்டுதுன்னா ஏனுங்கப்பா சொல்லலே?"

"நீ மாத்துன பெட்டி. நான் ஏன் வாய வெக்கோணும்னு இருந்துட்டேன். அந்த ஒரு லிட்டர்ல பாதி என்ற வீம்புடா." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். "எந்தக் கியர் எங்க உழுகுதுன்னு நீ சொல்லு. காத்து எங்க அடிக்குதுன்னு நான் சொல்றேன். அம்மணி, ஏறு."

"மாமா, ஒரு வாய் சாப்பிட்டுப் போலாமுங்க."

"வந்து உங்கலாம்."

*

இந்த முறை ஜெயபாரதிக்குத் தபால் வேலை இல்லை. நடுவில் உட்கார்ந்து, தலைக்கு மேல் போய் வந்த பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆறாவது எங்கடா?"

"வலப்பக்கம் தள்ளி, கீழ இழுங்கப்பா. இன்னும் தள்ளுங்க. அதுதானுங்க."

"நல்லாப் பொருந்துது."

போகும்போது காற்று முதுகில் இருந்தது. தண்டாயுதபாணி ஆக்சிலேட்டரில் கால் வைத்தாரா என்றே தெரியவில்லை. மூலனூரில் டீக்கு நிற்காமல் திருப்பினார். திரும்பியதும் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. மேலே தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

"அஞ்சுக்கு வாங்கப்பா."

"வந்துட்டேன்."

"வேகம் வேண்டாமுங்க. நாப்பத்தஞ்சு போதும்."

"மீட்டர்ல நாப்பத்தஞ்சா, நெசமான நாப்பத்தஞ்சா?"

அவர் கேலி செய்கிறாரா குத்துகிறாரா என்று வேல்குமாருக்குப் புரியவில்லை. "மீட்டர்ல ஐம்பது வெச்சுக்குங்கப்பா" என்றான் அடங்கின குரலில். காற்றாலைகள் மறையும் இடம் வந்ததும் மறுபடி ஆறாவது. பள்ளம் வந்தால் முன்கூட்டியே கால் எடுப்பு. ஒரு பஸ்காரன் பின்னால் ஹாரன் அடித்தே ஓய்ந்தான். பெரியவர் அசையவில்லை. வண்டியை விற்றுவிடுவேன் என்று காலையில் சொன்ன ஆள் இவர்தானா என்று மருமகளுக்குச் சந்தேகமாக இருந்தது.

பம்ப்பில் வந்து நின்றபோது மணி ஐந்து நாற்பது.

சென்னியப்பன் பட்டியலோடு காத்திருந்தார். பம்ப்காரர் நாசிலைச் சொருகினார். எண்கள் ஓடின. இருபது. இருபத்தைந்து. இருபத்தெட்டு. முப்பதைத் தாண்டியது. முப்பது புள்ளி நான்கில் 'டக்'கென்று தானாக நின்றது.

ஜெயபாரதி வாயைப் பொத்திக்கொண்டாள். நாலரைக்கு மேல்!

"நாலு புள்ளி ஆறு" என்றார் சென்னியப்பன். இந்தத் தடவை அவரும் சிரித்தார். "இப்பவாவது எழுதலாமுங்களா அம்மணி?"

பம்ப்காரர் நாசிலை வெளியே எடுக்கப் போனார். அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தது வேல்குமார்.

"எடுக்காதீங்க. டேங்க்ல காத்து நிக்குது. காலையில வண்டிய ஆட்டித்தான் நெப்புனோம், மத்தியானமும் ஆட்டித்தான் நெப்புனோம். இப்பவும் ஆட்டோணும்."

"தம்பி, ஆட்டுனா இன்னும் குடிக்கும், முப்பத்தொண்ணத் தாண்டுனா லைன் போச்சு. மணி அஞ்சு ஐம்பதாச்சு."

"குடிக்கட்டுங்க. எத்தன குடிக்குதோ அதைய எழுதுங்க."

சொல்லிவிட்டு அவன் டேங்க்குப் பக்கத்தில் பலகையில் தோளை முட்டுக் கொடுத்து வண்டியை உந்தினான். லோடு வண்டி லேசில் ஆடுமா? ஒரு முறை, இரண்டு முறை. டேங்க்குக்குள் கொப்புளம் உடையும் சத்தம் கேட்டது. வாய் வரை தளும்பிய டீசல் கண்ணெதிரே கீழே இறங்கியது.

தண்டாயுதபாணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பை உதறிவிட்டு வந்து, மகன் தோளோடு தோள் சேர்த்துத் தானும் உந்தினார்.

"ஊத்துங்க" என்றார்.

பம்ப்பில் எண்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.